முந்திக்கொண்ட விரல்

என் ஆசை நானா,

உங்களுக்கு ஸலாம். வாப்பா ஒவ்வொரு ஜும்ஆவுக்குப் பிறகும் மையவாடிக்கு வந்து, உங்களை அடக்கிய இடத்தில் நின்று ஸலாம் சொல்லிவிட்டு வருகிறார். பெண்கள் நாங்கள் அங்கே வருவதில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

நீங்கள் மௌத்தாகிப் பத்து மாதம். கண்டக்குழியில் காற்று தொடங்கிவிட்டது. உங்கள் அறையைக் கூட்டினால் மணல், கூட்டி முடித்தாலும் மணல். டீவியில் பூட்டி ஆடும் உங்கள் விளையாட்டுப் பெட்டி இப்போது அங்கே இல்லை. அதைப் பற்றித்தான் சொல்ல வேண்டும்.

தசைகள் ஒவ்வொன்றாகக் கைவிட்ட பிறகு உங்களுக்கு மிஞ்சியது வலது கையில் இரண்டு விரல்கள். நானாவும் தங்கச்சியுமாக ஒரே கொன்ட்ரோலரைப் பிடித்தோம். வலது பக்கம் நீங்கள், இடது பக்கம் நான். திரையில் ஒரு சின்ன மனிதன் உடைந்து விழும் படிகளில் ஏறுவான். நடத்துவது நீங்கள். பாய வேண்டிய இடத்தில் ‘இப்ப’ என்பீர்கள். நான் அழுத்துவேன். பிறகு அந்தச் சொல்லுக்கும் மூச்சுப் போதவில்லை. நாக்கால் ஒரு சொடுக்கு. அவ்வளவுதான் நம் பாஷை.

ஒருநாள் நான் கொஞ்சம் அவசரப்பட்டேன்.

“நீ ஆடாத. ஆடுறது நான். நீ அமத்துற மட்டும்.”

“அப்ப நான் ஆரு?”

“என்ட இடக்கை. கைக்கு மூளை வாணாம்டி.”

எவ்வளவு சிரித்தோம். நீங்கள் சிரித்து முடிக்க எவ்வளவு நேரம் எடுத்தது.

விளையாட்டைச் செய்தவர்களுக்கு ஒரு மின்னஞ்சல் எழுதச் சொன்னீர்கள். நான் உங்கள் நோயின் பெயரிலிருந்து தொடங்கினேன். “அழி அத. பாவம் பாக்கச் சொல்லல்ல. கொஞ்சம் மெதுவா ஓடச் சொல்லு.” எழுதினேன். கருத்துக்கு நன்றி என்று ஒரு வரி வந்தது. அதற்குப் பிறகு ஒன்றுமில்லை.

கடைசி மாடி. அங்கே அவன் தானாகவே ஓடுவான், பாயும் நேரம் மட்டுமே நம் கையில். கால் பட்ட உடனே படி உடையும். உங்கள் சொடுக்கு பிறந்து, அது என் காதுக்கு வந்து, என் விரல் இறங்குவதற்குள் அவன் விழுந்துவிடுவான். மூன்று கிழமை தினமும் விழுந்தான். அந்தப் பாதை எனக்கு மனப்பாடமாகிவிட்டது.

அன்று அஸர் தொழுகைக்குப் பிறகு உங்கள் உதடுகள் நீலம் பாரித்திருந்தன. நான் உங்களுக்காகக் காத்திருக்கவில்லை. முதல் படியில் என் விரல் முந்தியது. இரண்டாவதில், மூன்றாவதில். உங்கள் சொடுக்குகள் பின்னால் வந்துகொண்டிருந்தன. பாதி வழியில் அவை நின்றுவிட்டன. அவன் உச்சிக்குப் போய்ச் சேர்ந்தான்.

உம்மா குசினியிலிருந்து கரண்டியோடு ஓடி வந்தார். “வெண்டுட்டியா மகன்?”

“ஓம் உம்மா.”

என் பக்கம் திரும்பவில்லை நீங்கள். “ஓஃப் பண்ணு” என்றீர்கள். அதன் பிறகு விளையாட்டைக் கேட்கவே இல்லை. களைப்பு என்று சொல்லிக்கொண்டோம். களைப்புத்தானா, இல்லை நான் செய்ததா?

ஆஸ்பத்திரியில் எல்லோரும் உங்களிடம் மாப் கேட்டார்கள். நானும் கேட்டேன். “எல்லாத்துக்கும் மாப் செய்ங்க நானா.” எல்லாம் என்ற சொல் பெரியது. அதற்குள் இதை ஒளித்துவைத்தேன். நீங்கள் கண்ணை மூடித் திறந்தீர்கள். எதை மன்னித்தீர்கள் என்று எனக்குத் தெரியாது.

போன மாதம் அந்த விளையாட்டின் புதிய பதிப்பு வந்தது. வேகத்தைக் குறைக்கலாம். ஒற்றைப் பொத்தானால் முழுவதையும் ஆடலாம். வேகத்தைப் பாதியாக்கிக் கடைசி மாடிக்குப் போனேன். ஒவ்வொரு படியிலும் முதலில் நாக்கைச் சொடுக்கினேன், பிறகுதான் அழுத்தினேன். நேரம் இருந்தது. நானா, நேரம் மிச்சமே இருந்தது.

உங்களுக்கு நன்மை சேர, பெட்டியை உங்கள் பேரில் சதகாவாகக் கொடுக்க வேண்டும் என்றார் உம்மா. பாலாவியில் ஸிபானா என்று ஒருத்தி. பத்தொன்பது வயது. உங்கள் நோய். அவளுடைய உம்மாவும் நம் உம்மாவும் கிளினிக் வாங்கில் உட்கார்ந்து காத்திருந்து பழகியவர்கள்.

நம் உம்மாவோடு கொண்டுபோய் அவர்கள் டீவியில் பூட்டிக் கொடுத்தேன். திரையில் வென்றவர் பட்டியல் வந்தது. முதலில் உங்கள் பெயர்.

“அத அழிச்சிராத” என்றார் உம்மா. “இந்தப் புள்ளயும் பாக்கட்டும்.”

“ராத்தா, நானாட கையும் என்ட கை மாதிரியா?” என்று ஸிபானா என்னைக் கேட்டாள்.

எனக்கு முன் உம்மா பதில் சொன்னார். “உன்ட கைய விட மோசம் மகள். ரெண்டே ரெண்டு வெரல்.”

வேகத்தைக் குறைக்கும் இடத்தை ஸிபானாவுக்குக் காட்டினேன். கவனமாகப் பார்த்தாள்.

“நானா வெண்ட நேரம் இது இருந்திச்சா?”

“இல்ல.”

“அப்ப எனக்கும் வாணாம். அவருக்கு ஏலுமெண்டா எனக்கேன் ஏலா?”

தானே அதை நிறுத்தினாள். விழுந்தாள். “பொறுங்க, வருது” என்று சிரித்தாள். மறுபடி விழுந்தாள். கழுத்து சரியச் சரிய அவளுடைய உம்மா நிமிர்த்திவிட்டார். நான் வாயைத் திறந்தேன். நம் உம்மா திரையில் உங்கள் பெயரைப் பார்த்துக்கொண்டிருந்தார். பத்து மாதத்தில் அப்படி மலர்ந்த முகத்தை நான் பார்க்கவில்லை. “பஸ் போயிரும் உம்மா” என்றேன். அவ்வளவுதான் என் வாயால் முடிந்தது.

ஸிபானா தினமும் போனில் குரல் பதிவு அனுப்புகிறாள். “ராத்தா, இன்னும் வெல்லல்ல. நானா எப்பிடித்தான் செஞ்சாரோ?” நேற்று அந்தக் குரலில் சிரிப்பு இல்லை. “என்ட கைதான் சரியில்ல போல” என்றாள்.

இரண்டு உம்மாமாரும் தினமும் போனில் கதைக்கிறார்கள். அவளிடம் உண்மையைச் சொன்னால் பின்னேரத்துக்குள் அது இங்கே வந்துவிடும். நீங்கள் வென்றது என்று உம்மாவிடம் இருப்பது அந்த ஒன்றுதான். சொல்லாவிட்டால் அங்கே ஒருத்தி, நீங்கள் ஒருபோதும் ஏறாத படிகளில், உங்களைப் பார்த்துப் பார்த்து விழுகிறாள். படித்தவள் என்கிறார்கள் என்னை. இதற்கு ஒரு மூன்றாவது வழி எனக்குத் தெரியவில்லை.

சனிக்கிழமை நான் தனியாகப் பாலாவிக்குப் போகிறேன். அதற்கு முன் உம்மாவிடம் சொல்வேன், வேறொருவர் வாயால் கேட்க விடமாட்டேன். பிறகு ஸிபானாவிடம் சொல்வேன்: நானா வெல்லவில்லை, அவருக்கு நேரம் கொடுக்கப்படவில்லை, இருந்த கொஞ்சத்தையும் நான் எடுத்துக்கொண்டேன். உம்மாவின் முகம் என்ன ஆகும் என்று தெரியாது. ஆனாலும் சொல்வேன். இது உங்களுக்கு என் வாக்கு.

உங்களுக்கு அடுத்துப் பிறந்த
உங்கள் தங்கச்சி