சனிக்கிழமைச் சட்ட உதவி அறையைத் திறக்கக் கோரி

அனுப்புநர்:
ஓய்வுபெற்ற நீதிமன்றத் தட்டச்சர்,
தொண்டர், இலவசச் சட்ட உதவி அறை,
பொது நூலகப் பின்கட்டு.

பெறுநர்:
மானிய அலுவலர் அவர்கள்,
சமூக நலப் பிரிவு, நகர நிர்வாகம்.

பொருள்: இலவசச் சட்ட உதவி அறைக்கான மானியம் நிறுத்தப்பட்டதை மறுபரிசீலனை செய்யக் கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. இருபத்தெட்டு ஆண்டுகள் பிறர் சொல்லச் சொல்ல மனுக்களைத் தட்டச்சு செய்தவள் நான். நானாக எழுதும் முதல் மனு இது. குறையிருந்தால் பொறுத்தருளவும்.

2. நூலகப் பின்கட்டில் ஆறு ஆண்டுகளாகச் சனிக்கிழமைதோறும் ஐந்து வக்கீல்கள் ஊதியமின்றி ஏழைகளுக்கு ஆலோசனை சொல்லி வந்தார்கள். பதில் கடிதங்களை நான் தட்டச்சு செய்தேன். தங்கள் மானியத்தில் அறை வாடகையும் ஒருங்கிணைப்பாளர் அம்மாவின் சம்பளமும் நடந்தன. சென்ற மாதம் அது நின்றது. "தொண்டர்களால் நடைபெறும் பணிக்கு நிதி அவசியமில்லை" என்பது தங்கள் கடிதத்தில் கண்ட காரணம்.

3. வக்கீல்கள் சும்மாதான் வந்தார்கள், மறுக்கவில்லை. ஆனால் அவர்களில் ஒருவருக்குச் சாவியை எந்தப் பக்கம் திருகுவது என்பதே இன்றுவரை பிடிபடவில்லை. கதவைத் திறந்தவர், வாரம் முழுவதும் தொலைபேசி எடுத்தவர், அழுதுகொண்டு வருகிறவரிடமும் "முதல்ல லெட்டர்ல என்ன தேதி போட்டிருக்குன்னு பாப்போம்" என்று கேட்டு, கெடு நெருங்கியவரை வரிசையில் முன்னால் உட்கார வைத்தவர் அந்த அம்மாதான். அவர் சம்பளம் நின்றதும் அறை பூட்டப்பட்டது.

4. பூட்டிய முதல் சனிக்கிழமை, மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் வேலை செய்யும் பெண் ஒருவர் வந்திருக்கிறார். பக்கவாதத்தில் படுத்த அப்பாவோடு பதினோரு வருடம் குடியிருந்த வீட்டைக் காலி செய்யச் சொல்லி அறிவிப்பு வந்திருந்தது. ஆட்சேபணை இருந்தால் திங்கட்கிழமைக்குள் எழுத்தில் தர வேண்டும். வேலைக்கு விடுப்புச் சொல்லிவிட்டு ஒரு மணி வரை படிக்கட்டில் உட்கார்ந்திருந்தவர், யாரும் வராததால் திரும்பிப் போய்விட்டார். திங்களன்று, "சொந்த விருப்பத்தின் பேரில் காலி செய்கிறேன்" என்று எழுதி வீட்டுக்காரர் நீட்டிய தாளில் கையெழுத்துப் போட்டார்.

5. வீட்டை விட்ட பிறகு, நூலகத்தில் விசாரித்து என்னைத் தேடி வந்தார். எங்கள் வக்கீல் ஒருவரிடம் அழைத்துப் போனேன். அறிவிப்பில் முறையான கால அவகாசமே தரப்படவில்லை, அரைப் பக்கப் பதில் போதுமாயிருந்தது என்றார் அவர். இனி வழக்குப் போடலாம். ஆனால் அந்த வீட்டில் வேறு குடும்பம் குடியேறிவிட்டது.

"படிக்காமலாம்மா கையெழுத்துப் போட்டே?" என்று அந்தப் பெண்ணிடம் கேட்டுவிட்டேன்.

"படிச்சேங்க. படிச்சா மட்டும், பதிலுக்கு என்ன எழுதணும்னு எனக்கு எப்படித் தெரியும்? அதைக் கேக்கத்தானே வந்தேன்" என்றார்.



6. தங்களை மட்டும் குறை சொல்ல எனக்கு வாயில்லை. அந்தச் சனிக்கிழமை நான் வீட்டில் திரைச்சீலை துவைத்துக்கொண்டிருந்தேன். அறை பூட்டியிருப்பது தெரியும். கதவில் என் தொலைபேசி எண்ணை எழுதி ஒட்டக்கூடத் தோன்றவில்லை. அந்தப் பெண்ணும் அப்பாவும் இப்போது அவருடைய அக்கா வீட்டுக் கூடத்தில் இருக்கிறார்கள்.

7. அதன்பின் இரண்டு சனிக்கிழமைகளாக அந்தப் படிக்கட்டில் நான் உட்காருகிறேன். சட்டம் சொல்லும் தகுதி எனக்கில்லை. வருகிறவர்களின் தாள்களை வாங்கி வைத்துக்கொள்கிறேன். அவர்களில் நான்கு பேருக்கு அடுத்த வாரத்தோடு கெடு முடிகிறது.

8. ஆகவே, மானியத்தை மீண்டும் வழங்கி உத்தரவிடுமாறு பணிவுடன் வேண்டுகிறேன். வக்கீல்கள் வரத் தயார். ஒருங்கிணைப்பாளர் அம்மாவை வேறிடத்தில் வேலைக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். வெள்ளிக்கிழமை வரை பதில் சொல்லாமல் இருப்பதாக எனக்கு வாக்குக் கொடுத்திருக்கிறார். மறுப்பதாக இருந்தாலும் அதற்குள் தெரிவித்துவிடுங்கள், ஐயா. அந்த நான்கு பேரையும் காத்திருக்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இடம்: நூலகப் பின்வாசல்
நாள்: 14ஆம் தேதி, செவ்வாய்க்கிழமை

தங்கள் பதிலை எதிர்நோக்கும்,
(ஒப்பம்)
ஓய்வுபெற்ற தட்டச்சர்