இன்னும் டேப்பு கெடக்கு

தொண்டி,
14.11.2009

மச்சானுக்கு, ஸலாம்.

இங்கே மழை விட்டுவிட்டது. அங்கே உங்கள் வீட்டில் எல்லோரும் சுகம்தானே?

எங்கள் பள்ளிக்கு இன்டர்நெட் வந்திருக்கிறது. பிள்ளைகள் தமிழ்ப் பாடம் வாசிப்பதைப் பதிவுசெய்து வகுப்பின் வலைப்பக்கத்தில் போடுகிறேன். கேட்பவர்கள் கீழே கருத்து எழுதலாம். வளைகுடாவில் இருக்கும் அத்தாமார் வெள்ளிக்கிழமை லீவில் உட்கார்ந்து எழுதித் தள்ளுகிறார்கள். அலியாரின் அத்தா மகனுக்கு மார்க்கே போட்டுவிட்டார்!

நம் மகள் வாசித்ததற்குக் கீழே மட்டும், பெயர் போடாத ஒருவர் நான்கு வெள்ளிக்கிழமையாக ஒரே வரியை எழுதுகிறார்: “அவசரப்படாத புள்ள, இன்னும் டேப்பு கெடக்கு.”

கம்ப்யூட்டரில் ஏது டேப் என்று வகுப்பே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. கல்யாணமான புதிதில் உங்களுக்குக் கடிதத்துக்குப் பதில் கேசட்டில் பேசி அனுப்புவேன். மாமி வருவதற்குள் முடிக்க வேண்டுமென்று மூச்சுவிடாமல் பேசியிருப்பேன். நீங்கள் திருப்பி அனுப்பும் கேசட்டில் முதல் வார்த்தை இதுதான். அதை மட்டும் எத்தனை தடவை ஓடவிட்டுக் கேட்டிருப்பேன்! உங்கள் கேசட் வருவது நின்றுதான் வருடங்களாகிவிட்டன.

“யாரும்மா அது?” என்று மகள் கேட்டாள்.

“தமிழ் தெரிஞ்ச யாரோ” என்றேன்.

அவள் நம்பவில்லை. இப்போதெல்லாம் வேண்டுமென்றே வேகமாக வாசிக்கிறாள்.

எனக்குப் பதில் எழுத வேண்டாம். அவளுக்கு எழுதும் வரிக்குக் கீழே ‘அத்தா’ என்று மட்டும் போடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மகளின் தமிழ் டீச்சர்