மண்டபத்தில் கேட்ட சிரிப்பு

தோர்ண்டன் ஹீத்
ஆடி 9, புதன்

அன்பு மகள் கௌசிக்கு அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் எழும்பி நடமாடுகிற அளவுக்குச் சுகம். அங்கே மெல்பேர்னில் இப்போது குளிர்காலமாம், உங்களுக்குச் சளி காய்ச்சல் இல்லாமல் நல்லூரான் பார்த்துக்கொள்ளட்டும். போனில் சொல்லலாம்தான், ஆனால் நீ இடையில் புகுந்து கதைப்பாய், நான் விட்டுவிடுவேன், அதனால் எழுதுகிறேன். ஐந்தாம் வகுப்புப் படித்தவளின் எழுத்து, பொறுத்து வாசி. கொண்ணன் பிரவீணனுக்கும் மச்சாள் சுப்ரியாவுக்கும் சனிக்கிழமையில் வேலை, அதனால் அவர்களின் மகள் ஜதுவை மிச்சம் ஊர் மண்டபத்து நடன வகுப்புக்குக் கூட்டிப்போவது நான்தான். ஏழு கிழமையாக எனக்கு மனதில் ஒன்றும் படவில்லை. குழம்புக்கு உப்பே போடவில்லை என்று சுப்ரியா சொல்லித்தான் தெரிந்தது, நான் அதைச் சாப்பிட்டு முடித்துக் கோப்பையும் கழுவிவிட்டேன். அழுகை வரவில்லை, கோபமும் வரவில்லை. எனக்குக் கோபம் வரவில்லை என்றால் நீயே யோசித்துப் பார்.

நடந்தது இதுதான். வைகாசி பதினேழு, சனிக்கிழமை, பதினொன்றேகால் மணி. நான் ஹீட்டர் பக்கத்துக் கதிரையில் இருந்தேன். தாரிணி என்று ஒரு இந்தியாப் பிள்ளை, பத்து வயது, கொஞ்சம் குண்டு, பச்சைப் பாவாடைக்கு மஞ்சள் தாவணி கட்டியிருந்தாள். நடனம் பழக்கும் அஜித்தா ரீச்சர் தட்டுக்கழியை நிறுத்திவிட்டு, அவளைப் பார்த்து, பொறு பிள்ளை, இந்த மண்டபம் வாடகைக்கு எடுத்தது, நீ அரைமண்டியில இருந்து நிலம் கீழ போனால் கவுன்சிலுக்கு நானெல்லோ பதில் சொல்லோணும் என்றாள். நாற்பது பிள்ளைகளும் தாய்மாரும் சிரித்தார்கள். பிறகு, சலங்கையைக் கழட்டிப்போட்டு ஓரமாய் நில் என்றாள். போன வருடம்தான் பூசை வைத்துக் கட்டிய சலங்கை. கயிறு இறுகிவிட்டது, பிள்ளை குனிந்து குனிந்து இழுத்தது, கனநேரம் எடுத்தது, ஒருவரும் போய் அவிழ்த்துவிடவில்லை.

தாய் கோதை ஆசுபத்திரியில் வேலை, அன்றைக்கு வந்திருக்கவில்லை. பிள்ளை சொல்லக் கேட்டு, வகுப்பை நடத்துகிற கமிட்டிக்கு முறைப்பாடு எழுதிக் கொடுத்தாள். அஜித்தா, நான் அடவைத்தான் திருத்தினனான், பிள்ளை கூட்டிச் சொல்லுது என்றுவிட்டாள். மற்றத் தாய்மார் ஆண்டு விழா வருகிறது, தங்கள் பிள்ளைகளை முன்வரிசையில் விடமாட்டாள் என்று வாயைத் திறக்கவில்லை. நான் திறந்தேன். திகதி, மணி, தாவணி நிறம் எல்லாம் சொன்னேன். கமிட்டித் தலைவர் இராஜேந்திரன் முழுக்கக் கேட்டுவிட்டு, தவமக்கா கோவிக்காதேங்கோ, உங்களுக்கும் ரீச்சரின்ர தாய் வசந்தமலரக்காவுக்கும் கதைபேச்சு இல்லைத்தானே என்றார். ஓம் இல்லை என்றேன். அதோடு நிறுத்தியிருக்க வேண்டும். உன் அப்பாவின் செத்தவீட்டில் பெட்டி எடுக்க முன்னமே வசந்தமலர் எழும்பி, அஜித்தாவின் அரங்கேற்றத்துக்கு ஒத்திகை இருக்குது என்று போனதை, இரண்டாயிரத்து நாலு மாசி இருபத்தொன்று, அவள் கட்டியிருந்த சீலை உட்பட, எல்லாவற்றையும் சொன்னேன். கமிட்டியில் ஒருத்தி, எங்களுக்கு உது பாடம் தவமக்கா, கதிரையில இருந்து எத்தினை சனி சொல்லியிருப்பியள் என்று சிரித்தாள். சொன்னேன்தான். இருபத்தொரு வருடம் கிடைத்த ஆட்களுக்கெல்லாம் சொன்னேன்.

இரண்டு கிழமையால் பதில் வந்தது, ஆங்கிலம், ஜதுதான் வாசித்தாள். சாட்சி சொன்னவருக்குப் பழைய பகை இருப்பதால் ஆதாரம் போதாதாம். மண்டபக் கதவில் மரியாதையாக நடப்பது எப்படி என்று ஒரு கடதாசி ஒட்டியிருக்கிறார்கள். ஆசிரியர் பிள்ளையின் உடம்பைப் பற்றிப் பேசக்கூடாது என்றும் அதில் இருக்கிறது, காத்திருக்கும் பெரியவர்கள் அடுத்தவர் குடும்பக் கதை பேசக்கூடாது என்றும் இருக்கிறது. ஜது அந்த வரியை இரண்டு தரம் வாசித்து, அப்பம்மா, திஸ் வன் இஸ் யூ என்றாள். தாரிணியை வீட்டார் வகுப்பிலிருந்து நிறுத்திவிட்டார்கள். தானாகக் கட்டிச் சொன்ன பிள்ளை என்று பெயர் வந்துவிட்டது, அந்தப் பெயரோடு எந்த வகுப்புக்குப் போகும்.

போன வியாழன் 250 பஸ் எடுத்து ஸ்ட்ரெதமுக்கு, அவர்கள் வீட்டுக்குப் போனேன். ஏன் போனேன் என்று கேட்காதே, கால் போனது. கோதை, உள்ள வாங்கம்மா, உட்காருங்க என்றாள், மரியாதையான பெட்டை. தாரிணி படிக்கட்டில் இருந்தாள். நான் அவளிடம், ரீச்சர் சொன்னவ, நான் கேட்டனான், நீ பொய் சொல்லேல்லைப் பிள்ளை என்றேன். அவள் என்னைப் பார்த்தாள், நம்பவில்லை. உங்களுக்கு ரீச்சர் வீட்டோட சண்டைன்னு சொல்றாங்களே பாட்டி என்றாள். பத்து வயதுப் பிள்ளை வரைக்கும் போயிருக்கிறது பார். பிறகு கேட்டாள், எல்லாரும் சிரிச்சப்ப நீங்களும் சிரிச்சீங்களா என்று.

கௌசி, நான் சிரித்தேன். கமிட்டிக்குச் சொல்லாத ஒன்று அதுதான். ஒருவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. வசந்தமலரின் மகள் சொன்ன பகிடிக்கு என் வாய் திறந்து சத்தம் வந்தது, பல்லைக்கூட மூடவில்லை. அன்றிலிருந்து எல்லாம் நினைவில் வருகிறது, அந்த இடம் வந்தால் மட்டும் உள்ளே ஒன்றுமே இல்லாமல் மரத்துப்போய் இருக்கிறேன். ஓம் பிள்ளை, சிரிச்சனான் என்றேன். தாரிணி, அப்ப நிஜமாவே நடந்திச்சு என்று தாயைத் திரும்பிப் பார்த்துச் சொன்னாள். கட்டிச் சொன்னாய் என்று கேட்டுக் கேட்டுத் தனக்கே சந்தேகம் வந்த பிள்ளை, சண்டைக்காரி சொன்னதை நம்பவில்லை, சிரித்தவள் சொன்னதை நம்பியது. கோதை முகத்தை மூடிக்கொண்டாள். நான் தண்ணீர்கூடக் குடிக்காமல் வந்துவிட்டேன்.

இந்தச் சனி இராஜேந்திரனிடம் போய், அஜித்தா சொன்னதையும் நான் சிரித்ததையும் சேர்த்தே எழுதிக் கொடுக்கப் போகிறேன். அப்பாவின் செத்தவீட்டை அதில் எழுதமாட்டேன். அதற்காக வசந்தமலரை மன்னித்துவிட்டேன் என்று நினைக்காதே, இல்லை. அவள் ஊரெல்லாம் சொல்லித் திரிவாள், திரியட்டும். நான் சிரித்ததை ஜதுவுக்கு இன்னும் சொல்லவில்லை, வெள்ளிக்கிழமை சொல்ல வேண்டும், அதுதான் பெரிய வேலை.

நீ சின்னவளை அங்கே நடனத்துக்குச் சேர்க்கப் போவதாகச் சொன்னாய், சேர். முதல் ஒரு மாதம் நீயும் உள்ளே இரு. யாராவது ஒரு பிள்ளையை எழுப்பிப் பகிடி பண்ணினால் எழும்பிப் போய் அந்தப் பிள்ளைக்குப் பக்கத்தில் நில், என்னைப் போல் கதிரையில் இருக்காதே. பிரஷர் குளிசையை ஒழுங்காகப் போடு, முடியமுன்னமே அடுத்ததை எடுத்து வை. மருமகனுக்கும் பேத்திக்கும் என் ஆசிகள், நோய் நொடி இல்லாமல் நீடூழி இருங்கள்.

இப்படிக்கு
உன் அம்மா
க. தவநாயகி