பதினேழாம் நம்பர் ரத்தம்

7-1-97, செவ்வாய்

திருச்செந்தூர் பாசஞ்சர் இன்றைக்கும் முக்கால் மணி நேரம் தாமதம். ஸ்ரீவைகுண்டத்தில் ஏறியதிலிருந்து பாளையங்கோட்டை வரைக்கும் நின்றுகொண்டே வந்தேன். ஆஸ்பத்திரி லேபுக்குள் நுழைந்தால் என் மேஜைக்கு முன்னால் டாக்டர் நடராஜ் ஊசியோடு உட்கார்ந்திருக்கிறார்.

மேல்படிப்பு படிக்கிற டாக்டர். காமாலை வந்தவர்களையும் அவர்கள் குடும்பத்தாரையும் பற்றி ஆராய்ச்சி செய்கிறார். நோயாளிகளோடு ஒப்பிட்டுப் பார்க்க நோயே இல்லாத இருபது பேர் ரத்தம் வேண்டுமாம். லேபில் எல்லாரும் கொடுத்தாயிற்று. நான் மட்டும் மூன்று வாரமாகச் சாக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

"ஊசின்னா பயமா வடிவு? நாள் பூரா மத்தவங்களக் குத்துதீங்க, உங்களுக்கு மட்டும் வலிக்குமா?"

எல்லாரும் சிரித்தார்கள். என் பயம் ஊசியைப் பற்றியதா? பதினாலு வயதிலிருந்து என் கண்ணின் வெள்ளையில் மஞ்சள் ஓடுகிறது. அதை மறைக்கத்தான் இவ்வளவு மையும், இந்தக் குனிந்த நடையும். பன்னிரண்டு வருஷமாக எண்ணெய் இல்லை, மீன் இல்லை, கறி இல்லை. கஞ்சி, மோர், வெள்ளிக்கிழமை தவறாமல் கீழாநெல்லி. பெண் பார்க்க வந்த இரண்டு பேரும் கண்ணைப் பார்த்துவிட்டு எழுந்து போனவர்கள்தான்.

இதையெல்லாம் அங்கே வைத்துச் சொல்ல முடியுமா? கையை நீட்டிவிட்டேன். குழாயில் 17 என்று எழுதினார்.

8-1-97, புதன்

சோதனை செய்கிற வேலையும் என்னுடையதுதான். என் ரத்தத்தை நானே பார்த்தேன். ரத்தத்தில் மஞ்சளின் அளவான பிலிருபின் 3.4. ஒன்றுக்குள் இருக்க வேண்டும். திரும்பச் செய்தேன். 3.4.

இருபத்தொன்றாம் தேதி எனக்கு மெடிக்கல் போர்டு. நாலு வருஷம் தற்காலிகமாக இருந்து, இப்போதுதான் நிரந்தர வேலைக்கு உத்தரவு வந்திருக்கிறது. உடல்தகுதிச் சான்று கொடுத்தால்தான் செல்லும். காமாலை என்று பெயர் வெளியே வந்தால் தொலைந்தேன்.

0.8 என்று எழுதியிருக்கலாம். பேனா என் கையில்தான் இருந்தது. யார் கேட்கப் போகிறார்கள்? ஆனால் நல்ல ரத்தம் என்று அவர் நம்புகிற இருபதில் ஒன்று பொய்யென்றால் அந்த மனிதரின் இரண்டு வருஷ உழைப்பே கோணலாகிவிடும்.

3.4 என்று எழுதினேன். எழுதிவிட்டுக் குழாயடியில் போய் நின்றேன். என்னையே திட்டிக்கொண்டேன்: எதுக்குட்டி எழுதின? கிறுக்குப் பிடிச்சிருக்கா ஒனக்கு?

9-1-97, வியாழன்

அவரே வந்து கேட்பதற்குள் நானே சொல்லிவிட்டேன். "சார், பதினேழ எடுத்துருங்க. எனக்குக் காமாலை இருக்கு."

தாளைப் பார்த்தார். ஈரல் கெட்டிருந்தால் ஏற வேண்டிய மற்ற அளவுகள் எல்லாம் சரியாக இருந்தன. ரத்த அணுக்கள் உடைகிற அறிகுறியும் இல்லை. சிறுநீரில் மஞ்சள் இறங்கவில்லை.

"எத்தனை வருஷமா?"

"பன்னெண்டு."

"சொணங்கிப் படுத்திருக்கீங்களா?"

"ஒரு நாளும் இல்ல சார்."

ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். முகத்தில் மெல்ல ஒரு சிரிப்பு பரவியது. எனக்குக் கோபம் வந்துவிட்டது. என் பிழைப்பு போகிறது, இவருக்குச் சிரிப்பு.

"உங்க வீட்ல வேற யாருக்காவது கண்ணு இப்படி இருக்கா?"

"எங்க மாமாவுக்கு. அம்மா கூடப் பிறந்தவரு."

அவ்வளவுதான், நூலகத்தைப் பார்த்து ஓடினார். வெள்ளைக் கோட்டுப் பையிலிருந்து பேனா விழுந்ததுகூடத் தெரியவில்லை. அரை மணி கழித்துத் தடித்த புத்தகத்தோடு மூச்சு வாங்க வந்தார். கில்பர்ட் என்று ஒரு பிரெஞ்சு டாக்டர் பெயரில் இருக்கிற நிலையாம். பிறவியிலேயே ஈரலுக்கு மஞ்சளைக் கழிக்கிற வேகம் கொஞ்சம் குறைவு. மற்றபடி ஒரு கேடும் இல்லை. ஆயுசு குறையாது, ஒட்டாது, மருந்தே வேண்டாம். "அதுவான்னு உறுதி பண்ணணும். ஆனா அதுவாத்தான் இருக்கும் வடிவு. இருக்கணும்."

நம்பலாமா? நம்பாமல் இருக்கவும் முடியவில்லை. வருகிற வழியில் ரயிலில் தனியாகச் சிரித்திருக்கிறேன் போலிருக்கிறது. எதிரே இருந்த அம்மாள் இடம் மாறி உட்கார்ந்தாள்.

14-1-97, பொங்கல்

எல்லாருக்கும் சர்க்கரைப் பொங்கல், நெய் மிதக்க. எனக்குக் கஞ்சி. "போர்டு முடியுற மட்டும் வாயக் கட்டுட்டி," என்றாள் அம்மா. சரி, இத்தனை வருஷம் கட்டிய வாய், இன்னும் ஒரு வாரம்.

மந்திரமூர்த்தி மாமா வந்திருந்தார். வாழைத்தார் ஏற்றுகிற லாரிக்கு டிரைவர். சொட்டு சாராயம் தொட்டதில்லை. ஆனால் அந்தக் கண்ணைப் பார்த்துவிட்டு ஊரே அவரைக் குடிகாரன் என்கிறது. மூன்று வருஷத்துக்கு முன்னால் அவர் மனைவி தேன்மொழி அத்தை பத்தமடையில் அண்ணன் வீட்டுக்குப் போனவள், திரும்பவே இல்லை.

ரத்தம் வேண்டும் என்று கேட்டேன். விஷயத்தை முழுசும் கேட்டுவிட்டு மாமா பைய ஒரு கேள்வி கேட்டார்:

"நான் குடிக்கலேன்னு ரத்தத்துல எழுதியிருக்குமாட்டி?"

21-1-97, செவ்வாய்

போர்டில் தள்ளிவிட்டார்கள்.

ஒரு வாரம் வெறும் கஞ்சி, நேற்று பச்சைத்தண்ணி. அப்படியிருந்தும் கண்ணு மஞ்சக் கிழங்கு மாதிரி இருந்திச்சு. அந்த டாக்டரு டார்ச் அடிச்சுப் பாத்தாரு, எழுதினாரு, அவ்வளவுதான். 'தற்சமயம் தகுதியில்லை. மார்ச் ஐந்தில் மறுபரிசோதனை.' அப்பவும் சரியா இல்லேன்னா உத்தரவு அடுத்த ஆளுக்குப் போயிரும்.

நான் என்ன பாவம் செஞ்சேன்? இன்னும் என்னத்தத்தான் விடணும்? தண்ணியையும் விடவா?

23-1-97, வியாழன்

போர்டு விவரத்தை நடராஜ் சாரிடம் சொன்னேன். ஆறுதல் சொல்வார் என்று பார்த்தால், "அந்த ஒரு வாரம் என்ன சாப்பிட்டீங்க?" என்று இரண்டு தடவை கேட்டார். சொன்னேன். "உறுதி பண்ண ஒரு சோதனை இருக்கு. இன்னையிலிருந்து பத்தியத்த விட்டுருங்க. நல்லாச் சாப்பிடுங்க, பத்து நாள். அப்புறம் பேசுவோம்."

அம்மாவிடம் சொல்லவில்லை. ஆஸ்பத்திரி கேண்டீனில் ரசவடை.

5-2-97, புதன்



திங்கட்கிழமை காலை நடராஜ் சார் ரத்தம் எடுத்தார். 2.3. பிறகு இரண்டு நாளைக்கு அரைப் பட்டினி. நாளுக்கு நாலு இட்லிதான் கணக்கு. கில்பர்ட் ஆட்களுக்குப் பட்டினி கிடந்தால் மஞ்சள் ஏறுமாம். இன்று காலை திரும்ப எடுத்தோம். நானேதான் சோதித்தேன், அவர் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்துக்கொண்டே நின்றார்.

5.6.

என் வாழ்க்கையில் மஞ்சள் ஏறியதற்கு நான் குதித்தது இன்றுதான். சார் கையைத் தட்டினார். லேபில் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அப்போதுதான் எனக்குச் சுருக்கென்று பட்டது. "அப்போ சார், நான் பத்தியம் இருக்க இருக்க—"

"மஞ்சள் ஏறியிருக்கும்."

"பன்னெண்டு வருஷமாவா?"

"பன்னெண்டு வருஷமா."

கண் மஞ்சளானால் சோற்றைக் குறைப்பது. குறைத்ததால் இன்னும் மஞ்சள். அதனால் இன்னும் குறைப்பது. போர்டுக்கு முந்தின வாரம் நானே என்னை மஞ்சளடித்துக்கொண்டு போயிருக்கிறேன். சிரித்துச் சிரித்து விலா வலிக்கிறது. அழுகையும் கலந்துதான் வந்தது. அது போகட்டும்.

6-2-97, வியாழன்

அம்மாவிடம் சொன்னேன். அடுப்பங்கரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"அப்போ நான்தான் ஒன்னிய மஞ்சளாக்குனேனா?"

எனக்கு நேற்றைய சிரிப்பெல்லாம் போய்விட்டது. "நீ என்னம்மா செய்வ? எந்த டாக்டருக்கும் தெரியலியே," என்றேன். அம்மா எழுந்து பையை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். திரும்பி வரும்போது அரைக் கிலோ ஆட்டுக்கறி.

குழம்பு கொதிக்கும்போதே மூன்று தடவை எட்டிப் பார்த்தேன். எனக்குப் பரிமாறிவிட்டு, நான் மெல்வதையே பார்த்துக்கொண்டிருந்தாள். "ஒறைக்குதா?" ஆமாம், உறைத்தது. கண்ணில் தண்ணீர் வந்தது. இன்னொரு கரண்டி கேட்டேன்.

அப்பா தோட்டத்திலிருந்து வந்து சட்டியைப் பார்த்துவிட்டு, "யாரு விருந்தாளி?" என்று கேட்டார்.

12-2-97, புதன்

இன்று மாமா. இரண்டு நாள் பட்டினி முடித்து, கோபமாக வந்தார். 2.9-லிருந்து 6.1. அவரும் நம்ம கட்சி.

சோதனையைப் பார்க்க வேண்டும் என்றார். பக்கத்தில் உட்காரவைத்துக் காட்டினேன். சாதாரணக் காமாலை என்றால் மருந்து விட்டதுமே குழாய் இளஞ்சிவப்பாகும். எங்கள் மஞ்சள் வேறு வகை. ஆல்கஹால் சேர்த்தால்தான் நிறம் காட்டும். மாமாவின் குழாய் வெளுத்தே நின்றது. நான் ஊற்றினேன். சிவந்தது.

"என்ன ஊத்துன?"

"ஆல்கஹால் மாமா."

மாமா குழாயையே பார்த்துக்கொண்டிருந்தார். "என் ரத்தத்துல பட்ட மொதச் சொட்டு இதுதாம்ட்டி." நடராஜ் சார் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பிறகு மாமா மரியாதையாக எழுந்து நின்று, "டாக்டரய்யா, இதத் தமிழ்ல எழுதி முத்திரை போட்டுத் தர முடியுமா?" என்று கேட்டார். சார் சிரிப்பை நிறுத்திவிட்டு எழுதினார்.

மாமா, நான், அம்மா, அப்பா எல்லார் ரத்தத்திலும் கொஞ்சம் ஹைதராபாத்தில் உள்ள ஓர் ஆராய்ச்சிக்கூடத்துக்குப் போகிறது. இதற்கான மரபணு எதுவென்று இரண்டு வருஷத்துக்கு முன்னால்தான் வெளிநாட்டில் கண்டுபிடித்தார்களாம். ஹைதராபாத்தில் பார்த்துச் சொல்வார்கள்.

16-2-97, ஞாயிறு

இதுவரை சாப்பிட்டவை: ஆட்டுக்கறி, நெத்திலிக் கருவாடு, அவித்த முட்டை, பொரித்த முட்டை, அப்பளம் (ஏழு), எண்ணெய்க் கத்தரிக்காய், மேலப்பாளையத்தில் முட்டை புரோட்டா. சால்னாவை மூன்று தடவை கேட்டு வாங்கினேன். கடைக்கார அண்ணாச்சி, "எத்தன நாளாச்சும்மா சாப்பிட்டு?" என்று கேட்டார். பன்னிரண்டு வருஷம் என்று சொன்னால் பயந்துவிடுவார்.

அம்மா இன்று, "அந்த டாக்டரு எந்த ஊரு?" என்று பாத்திரம் துலக்கிக்கொண்டே விசாரித்தாள். கல்யாணமாகிவிட்டது, ஒரு பெண் குழந்தை இருக்கிறது என்றேன். பாத்திரம் கொஞ்சம் சத்தமாக விழுந்தது.

5-3-97, புதன்

மறு போர்டு. அதே டாக்டர், அதே டார்ச். காலையில் பார்த்தபோது 1.6. கண்ணில் மஞ்சள் ஒரு நூல்தான் இருந்தது. நடராஜ் சாரின் கடிதத்தையும் சோதனைத் தாள்களையும் நீட்டினேன். நிதானமாகப் படித்தார். இரண்டு கேள்வி கேட்டார்.

"என்ன சிகிச்சை எடுத்தீங்க?"

"சாப்பிட்டேன் சார்."

'தகுதியுடையவர்.'

பச்சை மையில் எழுதியிருந்தார். படியில் இறங்கும்போது இரண்டிரண்டாகத் தாண்டினேன். இருபத்தாறு வயசுப் பெண், நிரந்தர அரசு ஊழியர், செய்கிற காரியமா இது?

23-3-97, ஞாயிறு

மாமா வெள்ளைச் சட்டை போட்டு, டாக்டர் எழுதிய தாளை பிளாஸ்டிக் உறையில் வைத்து, என்னையும் துணைக்கு இழுத்துக்கொண்டு பத்தமடைக்குப் போனார். அத்தையின் அண்ணன் தாளை இரண்டு தடவை வாசித்தார். முகம் தொங்கிவிட்டது. மாமா அதை அத்தையிடம் நீட்டினார். அத்தை கையில் வாங்கவே இல்லை.

"எங்கிட்ட எதுக்குக் காட்டுதீங்க? நீங்க குடிக்க மாட்டீங்கன்னு எனக்குத் தெரியாதா?"

மாமா திகைத்துப் போனார். "பொறவு எதுக்குப் போன?"

"எங்கண்ணன் நடுவீட்டுல வச்சு ஒங்களக் குடிகாரன்னாரு. நீங்க தலையக் குனிஞ்சிட்டு நின்னீங்க. ஒரு வார்த்த இல்லன்னு சொல்லியிருந்தா நான் போயிருப்பனா?"

மாமா தாளை மடித்து என் பைக்குள் திணித்தார். அண்ணன்காரரைப் பார்த்துத் திரும்பினார். குரல் நடுங்கியது, ஆனாலும் வந்தது.

"மச்சான், அன்னைக்கு நீரு சொன்னது பொய்வே. காயிதம் இல்லாமலே சொல்லுதேன். நான் குடிக்குறவன் இல்ல."

அத்தை உள்ளே போனாள். முடிந்தது என்று நினைத்தேன். காப்பியோடு வந்தாள். எங்களுக்கெல்லாம் சின்ன டம்ளர், மாமாவுக்கு மட்டும் பெரியது.

20-4-97, ஞாயிறு

அத்தை வந்துவிட்டாள். மாமா இரண்டு நாளாக லாரி எடுக்கவில்லை.

28-7-97, திங்கள்

ஹைதராபாத்திலிருந்து பதில். நடராஜ் சார் வாசலிலிருந்தே "ஏழு, ஏழு" என்று கத்திக்கொண்டு வந்தார். மரபணுவின் முகப்பில் டி, ஏ என்கிற இரண்டெழுத்து ஆறு தரம் அடுத்தடுத்து வரவேண்டுமாம். எனக்கும் மாமாவுக்கும் ஏழு தரம், தாய்வழி தந்தைவழி இரண்டிலும். அம்மாவுக்கும் அப்பாவுக்கும் ஒரு பக்கம் ஆறு, ஒரு பக்கம் ஏழு. அதனால் அவர்களுக்குக் கண் வெள்ளை.

வீட்டில் விளக்கிச் சொன்னேன். அம்மா விரல் விட்டு எண்ணிப் பார்த்தாள். "ரெண்டெழுத்து கூடிப்போச்சு. அதுக்கா பன்னெண்டு வருஷம் கஞ்சி குடிச்ச?"

நடராஜ் சார் கட்டுரையில் அவர் பெயருக்கு அடுத்ததாக என் பெயரைப் போடப் போகிறாராம். சுடலைவடிவு என்று முழுப் பெயரும் ஆங்கிலத்தில் எவ்வளவு நீளம் வருகிறது என்று எழுதிப் பார்த்தேன். ஒரு பக்கம் முழுக்க எழுதிவிட்டேன்.

11-11-97, செவ்வாய்

பதினொரு மணிக்குத் தேன்மொழி அத்தை தனியாக லேபுக்கு வந்து நின்றாள். மழையில் பாதி நனைந்திருந்தாள். கேட்காமலே முந்தானையை ஒதுக்கிக் கையை நீட்டினாள்.

"எனக்கும் அந்த ஏழு இருக்கான்னு பாரு."

"ஒனக்கு எதுக்கு அத்தை? ஒன் கண்ணு பளிச்சுன்னுல்லா இருக்கு."

"பாருன்னா பாரேன்."

எடுத்தேன். குழாயை மூடும்போதுதான் எனக்குப் புரிந்தது. நிமிர்ந்து பார்த்தேன். அத்தை ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "நாலு மாசம். அவியகிட்டச் சொல்லிட்டேன். இன்னும் யாருக்கும் தெரியாது." பிறகு, "பிள்ளைக்குக் கண்ணு மஞ்சளா இருந்தா பயப்படாண்டாமுல்லா?" என்றாள்.

"பட்டினி மட்டும் போடாதே," என்றேன்.

நடராஜ் சார் எங்கள் குடும்ப வரைபடத்தை எடுத்து மேஜையில் விரித்தார். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம். மாமாவின் சதுரமும் என் வட்டமும் கறுப்பு அடித்தவை. மாமாவின் சதுரத்துக்குப் பக்கத்தில் அத்தையின் வட்டம். இரண்டையும் சேர்த்த கோட்டிலிருந்து கீழே ஒரு கோடு இழுத்து, அதன் முனையில் சின்னதாக ஒரு சாய்சதுரம் பென்சிலால் போட்டார். ஆணா பெண்ணா என்று தெரியாதவர்களுக்கு அந்தக் குறி.

அத்தை அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். மழை விட்ட பிறகும் போகவில்லை.