மைல் மீட்டர்

மார்ச் 8, சனி

என் கணவரின் அண்ணன் லண்டனிலிருந்து கொண்டுவந்த கார் அது. போன வாரம் என் கணவர் அதை ஓட்டிப் போனபோது, ஏரிக்கரை வளைவில் சைக்கிளில் வந்த அஞ்சலை மீது மோதிவிட்டார். எங்கள் நிலத்தில் நடவுக்கு வருபவள். கை முறிந்து ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள். "அறுபதுலதான் போனேன், அவதான் குறுக்க வந்துட்டா" என்று இவர் எல்லாரிடமும் சொன்னார். நானும் நம்பினேன்.

இன்று உடைந்த விளக்கை மாற்ற ஒர்க்ஷாப்புக்குப் போனோம். மெக்கானிக் மீட்டரைப் பார்த்துவிட்டு, "சார், இது மைல் கணக்கு. இதுல அறுபதுன்னா நம்ம கணக்குல கிட்டத்தட்ட நூறு. கிலோமீட்டருக்கு மாத்திடட்டுமா?" என்றார்.

இவர் முகம் வெளுத்துவிட்டது. பிறகு, "மாத்திடு. யாராண்டையும் சொல்லிக்கினு இருக்காத" என்றார்.

சாயங்காலம் நான் மட்டும் ஆஸ்பத்திரிக்குப் போனேன். என்னைப் பார்த்ததும் அஞ்சலை எழுந்திருக்கப் பார்த்தாள். "நான்தான் பாக்காம வந்துட்டேம்மா. காரு ஒடஞ்சி போச்சாமே, ஐயா கோவமா கீறாரா?" என்று கேட்டாள்.

எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். கட்டிலருகே நின்றிருந்த அவள் கணவர், "இத போலீஸ்ல வந்து சொல்லுவீங்களாம்மா?" என்று கேட்டார். சொல்வேன் என்றேன்.

இவரிடம் அதை இன்னும் சொல்லவில்லை. பக்கத்தில்தான் படுத்திருக்கிறார். தூங்கவில்லை என்பது மூச்சிலேயே தெரிகிறது.