மாப்பிள்ளை மெமரி மாட்டிய ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள சின்னவனுக்கு அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறோம், என் கால்வலி அப்படியேதான் இருக்கிறது, புதிதாக ஒன்றும் சேரவில்லை. நீயும் வேளைக்குச் சாப்பிட்டு உடம்பைப் பார்த்துக்கொண்டு இருப்பாய் என்று நம்புகிறேன். போனில் சொன்னால் நடுவிலே பேச்சை மாற்றிவிடுவாய், அதனால்தான் எழுத்துக்கூட்டி எழுதுகிறேன். அந்த ஞாயிற்றுக்கிழமை நம் முன்னறையில் இருந்தவர்கள் யார் யார் என்றால், கம்ப்யூட்டரைப் படுக்கப்போட்ட மேசைக்கு முன்னால் மாப்பிள்ளை, அவருக்கு டார்ச் பிடித்துக்கொண்டு உன் அக்கா, நாற்காலி காலியாக இருந்தும் கையைக் கட்டிக்கொண்டு நின்ற உன் அண்ணன், சமையலறை வாசலில் ஈரக்கையோடு உன் அண்ணி, கட்டிலில் நான், என் மடியில் பேத்தி, தண்ணீர்ச் சொம்பில் சாய்த்துவைத்த போனுக்குள் நீ. ஒருத்தரையும் விடவில்லை. எனக்குப் படிப்புதான் பாதியில் நின்றது, ஞாபகம் நிற்கவில்லை.

எதற்குக் கூடினோம் என்று உனக்குத் தெரியும், ஆனாலும் சொல்கிறேன், உனக்குத் தேவைப்பட்டால் மறதி நன்றாக வரும். தையல் மெஷின் முன்னால் குனிந்து குனிந்து கழுத்தைத் தொலைத்த உன் அண்ணிக்கு, டாக்டர்கள் பேசி அனுப்புவதைக் காதில் மாட்டிக் கேட்டு டைப் அடிக்கிற வேலை கிடைப்பதாக இருந்தது. வீட்டில் இருந்தே செய்யலாம். பரீட்சை எழுதித் தேறிவிட்டாள். மிச்சம் ஒன்றே ஒன்றுதான், நீ காலேஜில் படிக்கும்போது வாங்கிய அந்தக் கிழட்டு கம்ப்யூட்டருக்கு மெமரி போதாது, அதைக் கூட்டவேண்டும், திங்கட்கிழமை காலையில் கம்பெனிக்காரர்கள் அங்கிருந்தபடியே அதைச் சோதித்துப் பார்ப்பார்கள், சரியாக இருந்தால் வேலை அவளுக்கு. மெக்கானிக்கை வரச்சொல்லியும் ஆகிவிட்டது. அதற்குள் விஷயம் மாப்பிள்ளை காதுக்குப் போய்விட்டது. "மெமரி மாட்ட ஒரு மெக்கானிக்கா? அப்புறம் நான் எதுக்கு இருக்கேன் அத்தை?" என்றார். எனக்கும் அந்தச் சந்தேகம் வெகுநாளாக உண்டு, கேட்டதில்லை. ஆபீசில் ஒருதரம் பிரிண்டருக்கு மை மாற்றியவர், அந்த அனுபவம் போதாதா.

புது மெமரியை அவரே வாங்கிவந்தார். இருப்பதிலேயே புதுசு என்று கடைக்காரன் சொன்னானாம். பழைய மெமரிப் பட்டை இரண்டையும் பிடுங்கிப் பேத்தியிடம் விளையாடக் கொடுத்தார். புதுப் பட்டையை வைத்து அழுத்தினார், போகவில்லை. திருப்பி வைத்து அழுத்தினார், போகவில்லை. எழுந்து நின்று உடம்பு எடையைப் போட்டு அழுத்தினார், மேசைதான் நகர்ந்தது. பிறகு குழிக்குள் குறுக்கே ஒரு சின்ன மேடு இருப்பதைக் கண்டுபிடித்து, "செஞ்சவன் சரியா செய்யல அத்தை, பிசிறு விட்டிருக்கான்" என்று சொல்லி சமையலறைக் கத்தியைக் கேட்டார். மாப்பிள்ளை வாய்திறந்து கேட்டால் கொடுக்காமல் இருக்க முடியுமா, உன் அக்காவே ஓடிப்போய் எடுத்து வந்தாள். அந்த மேட்டைச் சீவினார், பென்சில் சீவுகிற மாதிரி. என் நல்ல கத்தியின் முனை போனது தனிக்கணக்கு. அப்புறம் பட்டை உள்ளே போயிற்று, போகாமல் என்ன செய்யும். அதற்கு முன்னால் அந்தப் பட்டையை உனக்கும் போனில் தூக்கிக் காட்டினார், "பாருங்க மச்சான், எப்படி?" என்று. நீ கையால் வாயைப் பொத்திக்கொண்டாய். அப்புறம், "சூப்பர் மச்சான்" என்றாய்.

பட்டனை அமுக்கியதும் கம்ப்யூட்டர் கூவியது. மறுபடி கூவியது. திரையில் ஒன்றும் வரவில்லை, கருகிய வாடை மட்டும் வந்தது. உன் அக்கா, "புதுப் பொருள்னா வாசம் வரத்தான் செய்யும்" என்றாள். மாப்பிள்ளை, "புது மெமரி, பழைய மெஷின், ரெண்டும் பழகணும். இன்னிக்கு ஓய்வு கொடுங்க, காலையில பறக்கும்" என்றார். ஏதோ புதுமணத் தம்பதி மாதிரி. உன் அண்ணன் தலையாட்டினான், ஆட்டிய வேகத்தில் கழன்று விழும் என்று பயந்தேன். உன் அண்ணி மட்டும் மெதுவாக, "மெக்கானிக் கடை தொறந்துதான் இருக்கு, எதுக்கும் ஒருதடவை காட்டிரலாமே" என்றாள். மாப்பிள்ளை முகம் சுருங்கியது. உடனே உன் அண்ணன், "அவர் சொன்னா சரியாத்தான் இருக்கும், நீ போய் காபி போடு" என்றான். அவள் உன் பக்கம் திரும்பி, கம்ப்யூட்டர் படித்தவனாயிற்றே என்று உன் முகத்தைப் பார்த்தாள். நான் பார்த்தேன், அவள் பார்த்ததை. நீ, "எனக்கு ஆபீஸ் கால் ஒண்ணு வருது அண்ணி" என்று போனை வைத்துவிட்டாய். ஞாயிற்றுக்கிழமை. ரொம்பப் பொறுப்பான ஆபீஸ்.

திங்கட்கிழமை அவள் தலைவாரி, நல்ல புடவை கட்டி, காதில் அந்தக் கருவியை மாட்டிக்கொண்டு இருண்ட திரைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். கம்பெனிக்காரர்கள் போனில் இரண்டு தரம் கூப்பிட்டார்கள். பிறகு அடுத்த ஆளைப் பார்த்துக்கொள்வதாக ரொம்ப மரியாதையாகச் சொல்லிவிட்டார்கள். அவள் அழவில்லை. காதிலிருந்து அதைக் கழற்றி வயரைச் சுற்றி டப்பாவில் வைத்துவிட்டு, தையல் மெஷினின் உறையை எடுத்தாள். அழுதிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

மத்தியானம் மெக்கானிக் வந்து திறந்து பார்த்தார். "என்னம்மா இது, சீவி வெச்சிருக்காங்க?" என்றார். எலி என்று சொல்லிப் பார்த்தேன், நம்பவில்லை. போர்டே போய்விட்டது, வேறு போர்டு போடுவதா புதிதே வாங்குவதா என்று கேட்க என் போனிலிருந்தே உன்னைக் கூப்பிட்டார். கையெல்லாம் அழுக்கு என்று ஸ்பீக்கரில் போட்டு மேசைமேல் வைத்திருந்தார். எனக்குக் காது நன்றாகக் கேட்கும், அது உனக்கு மறந்துபோயிருக்கும். நீ சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "அந்த மெமரி அதுக்குப் பொருந்தாதுங்க. மச்சான் காட்டினப்பவே பார்த்தேன். சொன்னா அவர் மனசு கஷ்டப்படுமேன்னு விட்டுட்டேன். அம்மாகிட்ட சொல்லாதீங்க." மெக்கானிக் சொல்லவில்லை. தங்கமான மனுஷன், என் முகத்தைப் பார்க்காமல் ஸ்க்ரூவை எல்லாம் திருகி மூடிவிட்டுப் போனார்.

போன வாரம் நீ அனுப்பிய புது கம்ப்யூட்டர் வந்து சேர்ந்தது. அழகாக இருக்கிறது. சத்தமே இல்லை, உன்னை மாதிரி. மாப்பிள்ளை வந்து பார்த்துவிட்டு இதற்கும் மெமரி கூட்டலாம் என்றார், கத்தியை எடுத்துத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டேன். உன் அண்ணி அதில் பேத்திக்குப் படம் வரையச் சொல்லிக்கொடுக்கிறாள், அவள் வேறு எதற்கும் அதைத் திறந்து நான் பார்க்கவில்லை. "வேற கம்பெனிக்கு எழுதிப்போடேன்" என்றால், "பார்க்கலாம் அத்தை" என்கிறாள். கழுத்துவலிக்குப் போடுகிற பட்டையை மறுபடி மாட்டியிருக்கிறாள்.

குளிர் நாளில் காதை மூடிக்கொண்டு வெளியே போ. கண்ட நேரத்தில் தூங்காதே. நீ நல்லா இருக்கணும், உன் கைவேலை சிறக்கணும், அதில் எனக்கு எந்தக் குறையும் இல்லை. இந்தக் கடிதம் கிடைத்ததும் எனக்குப் பதில் எழுதவேண்டாம், உன் அண்ணியைக் கூப்பிட்டு அன்றைக்குப் பார்த்ததை உன் வாயால் சொல், அவளுக்கு இன்னும் தெரியாது, தன் அதிர்ஷ்டத்தைத்தான் திட்டிக்கொண்டிருக்கிறாள். மாப்பிள்ளைக்குத் தெரியாது, தெரியாமல் செய்தார், அவரை விட்டுவிட்டேன். உன் அக்கா தன் புருஷனுக்குப் பயந்தாள், உன் அண்ணன் எல்லோருக்கும் பயந்தான், அவர்களையும் ஒரு வருஷம் திட்டிவிட்டு விட்டுவிடுவேன். அந்த அறையில் தெரிந்தவன் ஒருத்தன்தான் இருந்தான், அவன் ஆயிரம் மைலுக்கு அப்பால் உட்கார்ந்துகொண்டு வாயைப் பொத்திக்கொண்டான். அவனை மட்டும் நான் மன்னிக்கப்போவதில்லை, சின்னவனே.

ஆசீர்வாதத்துடன்,
காது கேட்கும் உன் அம்மா