ஸ்பானிஷில் நீ சேர்த்த ‘ங்க’

போர்வெல் ரிக் வண்டியின் டாஷ்போர்டைத் துடைத்தபோது, வெல்டிங் கம்பியை வளைத்து நீ செய்த போன் ஸ்டாண்ட் கையில் தட்டுப்பட்டது. ஒரு பக்கம் சாய்ந்தே நிற்கும். ஒழுங்காகச் செய்யத் தெரியாதா என்று உன்னைத் திட்டியிருக்கிறேன். இப்போது நிமிர்த்தலாம். நிமிர்த்தவில்லை.

பெரு நாட்டில் போர்வெல் வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்றதும், ஸ்பானிஷ் வகுப்பில் இருவரையும் சேர்த்தது நீதான். நீ டிரில்லர், நான் மெக்கானிக். பாலிடெக்னிக்கில் ஒரே பெஞ்ச், பெருவிலும் ஒரே வண்டி என்பது உன் கணக்கு. நாமக்கல் யார்டில் சத்தமில்லாத இடம் இந்த கேபின் ஒன்றுதான். நமக்குச் சாயங்காலம், போனில் வரும் டீச்சருக்கு லிமாவில் காலை.

‘செய்’ என்பதற்கு அவர்கள் மொழியில் ‘அசேர்’. முடிந்துபோன வேலையைச் சொல்லும்போது அது அடையாளமே தெரியாமல் மாறிவிடும். நான் செய்தேன் என்றால் ‘ஈசே’. அவன் செய்தான் என்றால் ‘ஈசோ’. எனக்கு எரிச்சலாக வரும். நீயோ அன்றன்று பார்த்த வேலையைச் சொல்லிச் சொல்லியே பழகிவிட்டாய். டீச்சர் கேட்டால் “ஈசேங்க” என்பாய்.

“டேய், ஸ்பானிஷ்ல ஏதுடா ‘ங்க’?”

“பின்ன, டீச்சரம்மாகிட்ட மொட்டையாப் பேசச் சொல்றயா? எருமப்பட்டில அப்படிப் பேசுனா எங்கம்மா சோறு போடாது மாப்ள.”

அது என்ன என்று டீச்சர் கேட்டார். நீ கையெடுத்துக் கும்பிட்டுக் காட்டினாய். வகுப்பு முடியும்போது அவரே “கிராசியாஸ்ங்க” என்றார். அதைச் சொல்லிச் சொல்லியே யார்டில் எல்லோரையும் அறுத்தாய்.

பிறகு காய்ச்சலென்று சேலத்தில் ஆஸ்பத்திரிக்குப் போனாய். “இன்டர்வியூவுக்குள்ள வந்துருவேன். நீ அந்த ஈசே, ஈசோவ ஒழுங்காப் படி” என்று வாய்ஸ் மெசேஜ். அதற்குப் பிறகு உன்னிடமிருந்து எதுவும் வரவில்லை.

அடுத்த வகுப்பில் டீச்சர் என் பக்கத்துக் காலி சீட்டைப் பார்த்து ஏதோ கேட்டார். போனை என் பக்கமாக மட்டும் திருப்பி வைத்தேன்.

இன்டர்வியூவும் இதே கேபினில், இதே ஸ்டாண்டில்தான். பார்த்ததிலேயே சிக்கலான வேலை எது என்று கம்பெனிக்காரர் கேட்டார். ராசிபுரம் சைட்டில் கம்ப்ரசர் சூடாகிச் சூடாகி நின்றதே, அதைச் சொன்னேன். நான் பிரித்துப் போட ஸ்பேனரை எடுத்துவிட்டேன். நீ கம்ப்ரசரைக் குளிர்விக்கும் கூலர் முன்னால் ஒரு கந்தல் துணியைப் பிடித்தாய். உள்ளே இழுபட வேண்டிய துணி வெளியே பறந்தது. ஃபேனை ஓட்டும் ஆயில் ஹோஸ்களை யாரோ இடம் மாற்றி மாட்டியதில் ஃபேன் எதிர்ப்பக்கமாகச் சுற்றிக்கொண்டிருந்தது.

“கழட்டறதுக்கு முன்னால காத்து எந்தப் பக்கம் அடிக்குதுன்னு பாருடா, அவசரக்குடுக்க” என்றாய்.

என் அரைகுறை ஸ்பானிஷில் கண்டுபிடித்தது யார் என்பது வரவில்லை. கேட்டு முடித்தவர் தலையாட்டினார். “பிரமாதம். நீதானே செய்தாய்?”

அவர்களுக்கு வேண்டியது மெக்கானிக். ‘ஈசே’ என்ற ஒரு வார்த்தை போதும், வேலை எனக்கு. இல்லையென்று சொல்ல நீயும் இல்லை.

“ஈசோங்க” என்றேன். அவன் செய்தான்.

அவர் புரியாமல் விழித்தார். கூட்டாளி, இப்போது இல்லை என்று தட்டுத்தடுமாறிச் சொல்லி முடித்தேன்.

வேலை கிடைத்துவிட்டது. உன் இடத்துக்கு ஆத்தூர்ப் பக்கத்து ஆள் ஒருவன் வருகிறானாம். இரண்டு தடவை போன் செய்தான். நான் எடுக்கவில்லை. ஏர்போர்ட்டில் பேசித்தானே ஆகவேண்டும்.

அந்த ‘ங்க’ கம்பெனிக்காரருக்கான மரியாதைதான். என்னை அறியாமல் வந்தது. நீ இருந்தவரை உன்னை ‘டேய்’ என்பதைத் தவிர வேறெப்படியும் கூப்பிட்டதில்லை. அந்த மரியாதையில் கொஞ்சம் உனக்கும் வந்து சேர்ந்திருக்கட்டும்.

ஸ்டாண்டைக் கழற்றித் துணியில் சுற்றிப் பெட்டியில் வைத்துவிட்டேன். பெருவிலும் அது சாய்ந்தபடியேதான் நிற்கும்.